நட்ட கல்லும் நகரும் படமும்

குத்துக்கல் என்றால் நட்டு வைத்த கல், அது அசையாது. வலசை என்றால் இடம்பெயர்வது. தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசைக்கு அந்தப் பெயர் எப்படி வந்ததோ, அது வேறு ஆராய்ச்சி. வீடியோவை டிவிடியாக மாற்றும் வேலையைப் பார்க்க வந்த எனக்கு, ஊர்ப்பெயர் அந்த வேலையின் இலக்கணம் போலவே பட்டது. கேசட்டில் இருந்த கல்யாணம் கணினிக்கு வலசை போகிறது, அங்கிருந்து டிவிடிக்குப் போகிறது, இப்போது டிவிடியிலிருந்து பென்டிரைவுக்கும் போகிறது. ஒவ்வொரு பெயர்ச்சியிலும் படமும் ஒலியும் தனித்தனியாகப் பிரிந்து பயணப்பட்டு, போன இடத்தில் மறுபடி சேர வேண்டும். சேராதபோதுதான், “அண்ணாச்சி, வாயும் சத்தமும் ஒட்டவே மாட்டேங்கு” என்று வாடிக்கையாளர் திரும்பி வருகிறார். தொழிலில் இதற்கு ‘சிங்க் அவுட்’ என்று பெயர். வழக்கமான வைத்தியம், டைம்லைனில் ஒலியின் டிராக்கைப் பிடித்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கொஞ்சம் தள்ளிவிடுவது. அந்த வைத்தியம் பெரும்பாலும் தப்பு என்பதுதான் என் கட்சி. சிங்க் சரிசெய்வது அளந்து பார்க்கும் வேலை. அளக்காமல் தள்ளினால் நோய் வேறிடத்துக்கு மாறுமே தவிரப் போகாது.

இந்த வட்டாரத்தில் படம் பிடிக்கப்படுவது எது என்று முதலில் பார்க்க வேண்டும். கல்யாணம், சடங்கு, புதுமனை புகுவிழா, அப்புறம் கோயில் கொடை. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் பிழைக்கப் போனவர்கள் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருப்பதால், வர முடியாத விசேஷங்களின் கேசட்டும் பிறகு டிவிடியும் கடல் கடந்து போய்க்கொண்டிருந்தன. கல்யாண வீடியோவை ‘மிக்சிங்’ செய்கிறவர்களுக்குச் சிங்க் ஒரு தலைவலியாக இருந்ததில்லை. முக்கால்வாசி நேரத்துக்கு அசல் ஒலியை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். பாட்டுக்கு வாய் அசைப்பவர் யாரும் படத்தில் இல்லை. ஆகவே எவ்வளவு வழுக்கினாலும் தெரியாது. ஆனால் கெட்டிமேளத்தைப் பாட்டால் மூட முடியாது. பெரியவர் கையை உயர்த்துகிறார், தவில்காரர் கோலை இறக்குகிறார். அந்த அடி அந்தக் கணத்தில் விழுந்தாக வேண்டும். கொடையில் இது இன்னும் கறார். வில்லுப்பாட்டில் வீசுகோல் வில்லின் மேல் விழுவதும், குடத்தில் தட்டு விழுவதும், உடுக்கை குலுங்குவதும் கண்ணுக்கு நேரே நடக்கின்றன. இங்கே ஒலி தவறினால் கலையே தவறியதாகத் தெரியும். பாடுகிறவருக்குத் தாளம் தெரியவில்லை என்று, அவரை நேரில் பார்க்காத பேரப்பிள்ளை நினைத்துக்கொள்வான்.

எவ்வளவு தவறினால் மனிதருக்குத் தெரியும்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரை ஒன்று இதற்குக் கணக்குச் சொல்கிறது. ஒலி படத்துக்கு முந்தினால் 45 மில்லி வினாடியிலேயே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். பிந்தினால் 125 மில்லி வினாடி வரை கண்டுபிடிப்பதில்லை. இந்தப் பாரபட்சத்துக்கு இயற்கையில் காரணம் இருக்கிறது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். தூரத்தில் துணி துவைப்பவரின் கை இறங்கிய பிறகே அடி கேட்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். பிந்தும் ஒலிக்குப் பழகிய மூளை இது. முந்தி வரும் ஒலி இயற்கையில் கிடையாது, அதனால்தான் அது உடனே உறுத்துகிறது. நம் டிவிடி முறையில் வினாடிக்கு 25 பிரேம், ஒரு பிரேமுக்கு 40 மில்லி வினாடி. ஆக, ஒலி ஒரே ஒரு பிரேம் முந்தினாலே நாம் எல்லையை ஒட்டி நிற்கிறோம், பிந்தினால் மூன்று பிரேம் வரை தப்பலாம். எந்தப் பக்கம் தவறினாலும் ஒன்றுதான் என்று நினைத்துத் தள்ளுகிறவர் இந்த வேறுபாட்டையே இழந்துவிடுகிறார்.

‘சிங்க் அவுட்’ என்ற ஒரே பெயருக்குள் மூன்று நோய்கள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு விலகல். இதற்கு மட்டும்தான் தள்ளுவது மருந்து. இரண்டாவது, தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக வளரும் விலகல். மூன்றாவது, சரியாகவே போய்க்கொண்டிருந்து ஓரிடத்தில் திடீரென்று குதித்து, அதன்பின் அந்த அளவிலேயே நிற்பது. எது என்று அறியக் குறைந்தது இரண்டு இடத்தில் அளக்க வேண்டும். மூன்று இடம் என்றால் உத்தமம். சினிமாவில் இதற்கென்றே கிளாப் அடிக்கிறார்கள். கல்யாணத்தில் யாரும் கிளாப் அடிப்பதில்லை என்றாலும் அதற்கு ஈடானவை நிறையக் கிடைக்கும்: தேங்காய் உடைவது, தவிலின் முதல் அடி, யாரோ சேரை மடக்குவது. ஒரு எச்சரிக்கை. வாணவேடிக்கையை அளவுகோலாக எடுக்கக் கூடாது. நூறு மீட்டர் தூரத்து வெடியின் ஒலி, படம் பிடித்த இடத்திலேயே ஏழு பிரேம் பிந்தித்தான் வந்து சேர்ந்திருக்கும். அதைச் ‘சரி’செய்தால் சரியாக இருந்ததெல்லாம் கெட்டுப்போகும். பத்தாம் நிமிடத்தில் விலகல் 0.1 வினாடி, எழுபதாம் நிமிடத்தில் 0.7 வினாடி என்றால் அது வளரும் விலகல். நடுவில் எங்கே பிடித்துத் தள்ளினாலும் அந்த ஓரிடத்தில் மட்டும் ஒட்டும். அதற்கு முன்னும் பின்னும் எதிரெதிர்த் திசையில் விலகும். வாடிக்கையாளர் மூன்று முறை கடையேறுவது பெரும்பாலும் இந்த நோய்க்குத்தான்.

விலகலின் அளவே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பது இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு மணி நேரத்துக்கு 3.6 வினாடி விலகினால், வினாடிக்கு 29.97 பிரேம் என்று எடுத்ததை யாரோ 30 என்று எண்ணியிருக்கிறார்கள். ஒரு மணி நேரப் படம் 57 நிமிடம் 36 வினாடியில் முடிந்து ஒலி மட்டும் நீண்டுகொண்டிருந்தால், 24 பிரேம் படத்தை 25-ஆக ஓட்டியிருக்கிறார்கள். ஒரு மணி நேர ஒலி 55 நிமிடத்தில் தீர்ந்துபோனால், சிடியின் கணக்கில் வினாடிக்கு 44,100 மாதிரியாகப் பதிந்த ஒலியை டிவிடியின் 48,000 கணக்கில் வாசித்திருக்கிறார்கள். இதைக் காதே கண்டுபிடிக்கும், ஏனென்றால் சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறிவிடும். 24-ஐ 25 ஆக்கியபோது ஒலியையும் சேர்த்து வேகப்படுத்தியிருந்தால் ஏற்றம் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவு. இரண்டு கட்டையில் வாசித்த நாதஸ்வரம் இரண்டரையை நெருங்கிவிடும். வாசித்தவர் கேட்டால் சும்மா இருக்க மாட்டார். எந்த வட்டக் கணக்கிலும் சேராத சிறு விலகல், மூன்று மணி நேரக் கேசட்டில் அரை வினாடி போல வந்தால், அது கடிகாரச் சண்டை. கேசட்டைக் கணினியில் ஏற்றும்போது, அதாவது கேப்சர் செய்யும்போது, படத்தைக் கேப்சர் கார்டும் ஒலியைச் சவுண்ட் கார்டும் தனித்தனிப் படிகக் கடிகாரத்தை வைத்து எண்ணுகின்றன. பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வித்தியாசம் இருந்தாலே மணிக்கு 0.18 வினாடி விலகும். இரண்டு கடிகாரமும் நல்லவைதான், ஒன்றுக்கொன்றுதான் ஒத்துப்போகவில்லை.

மூன்றாவது நோய்க்கு இந்த மண்ணுக்கே உரிய ஒரு காரணம் உண்டு. குற்றாலச் சீசன் என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்கு அருவியும் சாரலும். பீரோவில் அடுக்கிய கேசட்டுக்கு அது பூஞ்சைக் காலம். காற்றில் ஈரம் நிற்கும் இடத்தில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படியும். ஓட்டும்போது அது விசிஆரின் ஹெட்டில் அப்பிக்கொள்ள, படம் கோடு கோடாகக் கிழியும். அந்தக் கிழிசலில் கேப்சர் கார்டு பிரேம்களைத் தவறவிடும், ஒலி தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். இருபத்தைந்து பிரேம் தவறினால் படம் முழுசாக ஒரு வினாடி சுருங்கிவிடும். அதிலிருந்து கடைசி வரை ஒலி ஒரு வினாடி பின்னால்தான் வரும். இதை மொத்தமாக இழுத்து நீட்டிச் சரிசெய்வது, கால் முறிந்தவருக்கு உடம்பெல்லாம் கட்டுப் போடுவது போல. குதித்த இடத்தைத் தேடிப் பிடித்து, தவறிய பிரேம்களின் இடத்தை நிரப்ப வேண்டும். அதைவிட நல்லது, முதலிலேயே நாடாவைத் துடைத்து, ஹெட்டைச் சுத்தம் செய்து, மறுபடி கேப்சர் செய்வது. இதற்கு ஓடும் நிலையில் ஒரு விசிஆர் வேண்டும். உலகில் கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் பியுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இன்று ஒரு கடையில் நல்ல ஹெட்டோடு விசிஆர் இருப்பது, ஓட்டலில் பழைய ஆட்டுக்கல் இருப்பது போல மதிப்புள்ள விஷயம்.

காரணம் தெரிந்த பிறகு எதை மாற்றுவது, ஒலியையா படத்தையா? முடிந்தவரை ஒலியை நட்ட கல்லாக வைத்து, படத்தை அதற்கு வளைக்க வேண்டும் என்பது என் முடிவு. படத்தில் ஒரு பிரேமை எடுத்தாலோ இரட்டித்தாலோ கண் கண்டுகொள்ளாது. ஒலியில் 40 மில்லி வினாடியை வெட்டினால் ‘டக்’கென்று ஒரு சத்தம், அல்லது தாளத்தில் ஒரு நொண்டல். இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு: டிவிடியில் பிரேம் கணக்கு 25 என்று சட்டம் போட்டது போல நிலையானது, அப்படியிருக்க படம்தானே கல்? வினாடிக்கு 25 இடம் என்பதுதான் நிலையானது. அந்த இடத்தில் எந்தப் பிரேம் உட்கார வேண்டும் என்பது வேலை செய்பவர் கையில் இருக்கிறது. வளரும் விலகல் மிகச் சிறிதாக, ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் மட்டும் ஒலியை இழுக்க நான் சம்மதிப்பேன். அந்த இழுப்பில் சுருதி மாறுவது நாதஸ்வரக்காரர் காதுக்கும் எட்டாது.

இவ்வளவு எதற்கு, மென்பொருளே செய்துவிடாதா என்பார்கள். பாதி உண்மை. டிவிடியாக மாறும்போது படம், ஒலி இரண்டின் பொட்டலங்களிலும் வினாடியை 90,000 பங்காக்கிய நேர முத்திரை குத்தப்படுகிறது. அதனால் டிவிடிக்குள் போன பிறகு தானாக விலகுவது அபூர்வம். ஆனால் பழைய ஏவிஐ கோப்பில் அப்படி முத்திரை கிடையாது, எண்ணிக்கைதான் உண்டு. போனில் எடுத்த வீடியோவிலோ பிரேம் வேகமே நிலையாக இருப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் பிரேமும் குறையும், மண்டபத்தின் இருட்டு மூலையில் ஒரு வேகம், மேடையில் ஒரு வேகம். அதைச் சீரான 25-ஆக முதலில் மாற்றிக்கொள்ளாமல் டைம்லைனில் போட்டால் ஒலி வழுக்கும். மென்பொருள் தனக்குச் சொல்லப்பட்ட எண்ணை நம்புகிறது. அந்த எண் பொய் என்று கண்டுபிடிக்கத் தேங்காய் உடைவதைப் பார்க்கும் ஆள் வேண்டும். அந்த ஆளும் கோப்பில் கை வைக்கும் முன் வேறொரு டிவியில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. தட்டை டிவிகள் படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொண்டு, நல்ல டிவிடியையும் நோயாளியாக்கிக் காட்டும்.

டப்பிங் படம் பார்த்துப் பழகிய நமக்கு உதடு ஒட்டாததெல்லாம் ஒரு குறையா என்றும் கேட்கலாம். டப்பிங்கில் ஒட்டாதது எழுத்து. நேரம் ஒட்டும். உதடு மூடும் இடத்தில் பகரமோ மகரமோ வரும்படி வசனம் எழுதுவதுதான் அந்தத் தொழிலின் திறமை. கதவு சாத்தும் ஒலி கதவோடுதான் வரும். டிவிடி செத்துவிட்டதே என்பது அடுத்த கேள்வி. செத்துக்கொண்டிருக்கிறது, உலகுக்கே வெற்று டிவிடி செய்து அனுப்பிய மோசர் பேர் நிறுவனத்தைக் கலைக்க 2018-இல் உத்தரவாகிவிட்டது. ஆனால் அந்த டிவிடிகளைத்தான் இப்போது பென்டிரைவுக்கு மாற்றித் தரச் சொல்லி எடுத்து வருகிறார்கள். வலசையின் திசை மாறியிருக்கிறது, நோய் அதேதான்.

இந்த வேலைக்கான மேசையில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கணினி, ஒரு விசிஆர், இரண்டு ஸ்பீக்கர். அதனால்தான் ‘காப்பி அடிக்க எவ்வளவு?’ என்று டிவிடியின் எண்ணிக்கையை வைத்துக் கூலி பேசுகிறோம். மூன்று மணி நேரக் கேசட்டைக் கேப்சர் செய்ய மூன்று மணி நேரம்தான் ஆகும், குறுக்குவழி கிடையாது. அளப்பதும் குதித்த இடங்களைத் தேடுவதும் அதற்கு மேல். எண்ணிக்கைக் கூலி கொடுத்தால் தள்ளிவிட்ட டிவிடிதான் கிடைக்கும். நேரத்துக்குக் கூலி கேட்கிற கடைக்காரரிடம் பேரம் பேசாதீர்கள். அசல் கேசட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். டிவிடி கைக்கு வந்ததும் தொடக்கத்தை ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துத் திருப்தியாகிவிட வேண்டாம். கடைசிப் பத்து நிமிடத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.