அழிந்ததும் அழித்ததும்

பழைய பொருள்களைத் தூக்கி எறியாத குடும்பம் எங்களுடையது. பிடி கழன்ற பாக்குவெட்டி, மூக்குக்கண்ணாடி இல்லாத வெறுங்கூடு, காலாவதியான கடவுச்சீட்டு ஆகியனவெல்லாம் எங்கள் அலுமாரிகளிலே உரிமையுடன் குடியிருக்கின்றன. ஆகவே, 2014ஆம் ஆண்டில் அத்தான் காலமான பின்னர், அவருடைய மடிக்கணினி அக்காவின் அலுமாரியிற் பழஞ்சேலைத் துண்டொன்றினாற் சுற்றப்பட்டு ஆண்டுக்கணக்காகக் கிடந்ததில் வியப்பில்லை. சென்ற ஆண்டு அதற்குத் திடீரென ஒரு தேவை வந்ததுதான் வியப்பு.

அத்தான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்; வலிகாமம் வடக்கிலே பிறந்தவர். 1990ஆம் ஆண்டில் அப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது உடுத்த உடையோடு வெளியேறியவர்களுள் அவரும் ஒருவர். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. காணிகள் பின்னாளிற் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. எங்கள் ஒழுங்கை விடுவிக்கப்பட்டபோது அத்தான் இல்லை. போய்ப் பார்த்தவர்களுக்கு வேலி தெரியவில்லை; எல்லைக் கல் அகப்படவில்லை; சில இடங்களிற் கிணறும் தூர்ந்து போயிருந்தது.

யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயருண்டு என்பதை நேயர்கள் அறிவர். உறுதிகளில் அப்பெயரும், நான்கு திசையிலும் உள்ள அயற்காணிக்காரரின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். அயலார் நால்வரும் நான்கு தேசங்களுக்குப் போய்விட்டால் அந்த எல்லைகளை யார் சொல்வது? அத்தான் இதனை முன்னரே உணர்ந்திருந்தார். 2008இல் அந்தக் கணினியை வாங்கியதும், ஒழுங்கை ஒழுங்கையாக, காணி காணியாக, ஞாபகத்திலிருந்து எழுதத் தொடங்கினார். இன்ன காணியில் எத்தனை பனை, எந்தக் கிணறு நன்னீர், எந்த வேலியிற் பொட்டு இருந்தது என்பதுவரை அதில் உண்டென்று அக்கா சொல்வார். சென்ற ஆண்டு ஊரில் எல்லைப் பேச்சு எழுந்தபோது, "இவர் எல்லாம் எழுதி வைச்சவர், அது அந்தப் பெட்டிக்குள்ளைதான் கிடக்கு" என்று கூறி, அதனைப் பேருந்தில் எனக்கு அனுப்பிவைத்தார்.

கொழும்பில் நான் முதலிற் காட்டிய கடைக்காரர், திரையில் தோன்றிய எழுத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, "புது விண்டோஸ் போட்டால் வேலை செய்யும்" என்றார். உள்ளே இருப்பவை என்னவாகும் என்று கேட்டேன். "அதெல்லாம் போய்விடும்" என்றார், பழந்துணி கழுவும்போது அழுக்கைப் பற்றிச் சொல்வது போல. கணினியைக் கையோடு எடுத்துக்கொண்டு திரும்பினேன். எங்கள் மாடிக்கு மேல்மாடியிற் பொறியியல் பயிலும் ஒரு பிள்ளை இருக்கிறான். மிகுதியெல்லாம் அவன் கைவண்ணம்.

கணினியின் அடிப்புறத்துத் திருகாணிகள் இரண்டைக் கழற்றி, உள்ளங்கையளவான உலோகப் பெட்டியொன்றை அவன் வெளியே எடுத்தான். கடைகளில் 'ஹாட் டிஸ்க்' என்றும், பாடப்புத்தகங்களில் வன்தட்டு என்றும் வழங்குவது இதுவே. இதனுள்ளே கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கின்றது. அதன்மேல், தலைமயிரின் பருமனில் ஆயிரத்திலொரு பங்குமில்லாத இடைவெளியில், வாசிக்கும் முனை மிதந்து செல்கின்றது. அந்த முனைக்கு ஒரு தூசி மலைபோன்றது. ஆதலால் இந்தப் பெட்டியை வீட்டிலே திறந்து பார்த்தல் ஆகாது. இன்னொரு வைத்தியமும் வழக்கில் உண்டு: குளிர்சாதனப் பெட்டியிலே வைத்து எடுப்பது. அதனால் உள்ளே ஈரம் படியுமேயன்றி வேறு பயன் காண்பது அரிது.

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் இவ்வினத்தின் முதற் சாதனத்தை வெளியிட்டபோது, அது ஏறத்தாழ ஒரு தொன் எடையுடையதாய், 24 அங்குல அகலமான 50 தட்டுகளுடன் ஓர் அறையின் மூலையை அடைத்துக்கொண்டு நின்றதாம். அதிற் கொள்ளத்தக்கவை 50 இலட்சம் எழுத்துகள். வட்ஸ்அப்பில் எனக்கு வரும் காலை வணக்கப் படங்களுக்கே இன்று அவ்வளவு இடம் போதாது.

அத்தானின் தட்டு சுழன்றது. ஆனால் இடையிடையே 'டிக், டிக்' என்றது. அந்த ஓசை நல்லதன்று என்றான் பிள்ளை. மேலும் மேலும் இயக்கிப் பார்த்தால் எஞ்சியதும் போகும் என்பதால், கோப்புகளைத் தேடும் முன்னர் தட்டு முழுவதையும் அப்படியே பிரதி செய்தல் வேண்டும் என்றான். அதற்கு 'டீடீரெஸ்கியூ' என்றொரு இலவச மென்பொருள் இருக்கின்றது. நோயுற்ற இடத்திலே முட்டி மோதாமல், நலமாயுள்ள பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பின்னரே பழுதான இடங்களுக்குத் திரும்பிவந்து சிறிது சிறிதாக முயல்வது அதன் இயல்பு. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சிட்ட காலத்திலே, தொட்டால் ஒடியும் ஏடுகளோடு பட்ட பாடு எனக்கு நினைவுக்கு வந்தது. ஏட்டுக்கும் தட்டுக்கும் மருந்து ஒன்றே: உயிர் இருக்கும்போதே படியெடுத்தல். 80 கிகாபைட் தட்டு நலமாயிருந்தால் ஒருமணி நேரத்துக்குச் சிறிது முன்பின்னாகப் பிரதியாகுமாம். எங்களுக்கு இரண்டு இரவுகள் சென்றன.

மூன்றாம் நாள் அந்தப் பிரதியிலிருந்து கோப்புகள் வெளிவந்தன. படங்கள் பல பெயரிழந்து, வெறும் எண்களாக வந்தன. அவற்றிடையே வங்கியொன்றின் இலச்சினையும், எந்தக் காலத்திலோ அத்தான் இணையத்திற் பார்த்த துடுப்பாட்ட வீரர்களும் கலந்திருந்தனர். எழுத்துக் கோப்புகளைத் திறந்தாலோ, அரைப்புள்ளிகள் சிதறிய ஆங்கில எழுத்துக் குப்பை! பிள்ளை முகம் வாடினான். நான் வாடவில்லை. இது பாமினி என்பது பார்த்த அளவிலே புரிந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்திய பழைய எழுத்துரு அது. இலங்கையிற் பல்லாண்டு தட்டச்சு செய்தவர்களுக்குக் கைப்பழக்கம். அது இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும், நடுவே ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும். அந்த அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் குற்று. எழுத்துருவை நிறுவியதும் திரையில் அத்தானின் ஊர் எழுந்து நின்றது. முதற்பக்கத்திலேயே எங்கள் ஒழுங்கை; மூன்றாம் காணியில் ஆச்சியின் கிணறு.

இதன் பின்னர் நடந்ததே நான் எழுத விரும்பியது.

பிள்ளை கோப்புகளை இரு பிரிவாக வைத்திருந்தான். ஒன்றில் அத்தான் வைத்திருந்தவை. மற்றதில் அத்தான் தாமே நீக்கியவை. கணினியில் ஒரு கோப்பை நீக்கும்போது அது அழிந்துவிடுவதில்லை. அட்டவணையில் 'இவ்விடம் வெறுமை' என்ற குறிப்பு மாத்திரம் விழுகின்றது. அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை பழையது அங்கேயே கிடக்கும். (இக்காலத்து எஸ்.எஸ்.டி. வகைகள் வேறு, அவற்றில் நீக்கியது பெரும்பாலும் விரைவிலேயே உண்மையாகப் போய்விடும்.) நீக்கியவற்றுள் ஒரே பெயருடன் 11 கோப்புகள் இருந்தன: 'தம்பி', 1 முதல் 11 வரை. 2010க்கும் 2013க்கும் இடைப்பட்ட திகதிகள்.

அத்தானின் இளைய சகோதரர் ரொறன்ரோவில் இருக்கிறார். காணிப் பங்கீட்டில் இருவருக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டு, இறுதிவரை பேச்சு இருக்கவில்லை. கடைசியில் மலர்வளையத்துக்குப் பணம் வந்தது, அவர் வரவில்லை.

"திறந்து பார்ப்போமா அன்ரி?" என்றான் பிள்ளை. அவனுக்கு அது தேடிக் கண்ட வெற்றி. அதிற் குறைகாண இடமில்லை. எனக்கோ கை எழவில்லை. தொலைந்ததைத் தேடித் தரும்படி அக்கா கேட்டார். அத்தான் வேண்டாமென்று விட்டதைக் கேட்கவில்லை. இறந்தவர் எழுதியதெல்லாம் வரலாறு, ஒன்றையும் விடக்கூடாது என வாதிப்பவர்கள் எங்கள் உறவினருள்ளேயே இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கிழித்த கடிதத்தைக் குப்பையிலிருந்து பொறுக்கி ஒட்டுவதை எந்த வீட்டிலும் நல்ல பழக்கமென்று சொல்லமாட்டார்கள். ஆயினும், முடிவு சொல்ல நான் யார்? அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"பதினொண்டோ?" என்று கேட்டார் அக்கா. வேறொன்றும் கேட்கவில்லை. எழுதி அனுப்பிவிட்டு அழித்திருப்பாரோ என்ற ஐயம் அவருக்கு. அன்றிரவே ரொறன்ரோவுக்குப் பேசினார். ஒரு கடிதமும் வந்து சேரவில்லை என்றாராம் கொழுந்தனார். நெடுநேரம் அந்தப் பக்கத்திற் சத்தமே இல்லையாம். பின்னர், "அண்ணர் அழிச்சதை நாங்கள் தோண்டக்கூடாது அண்ணி. பதினொரு தரம் எழுதினவர் எண்டதே எனக்குப் போதும்" என்றாராம்.

பிள்ளையிடம் சொன்னேன். இம்முறை சும்மா நீக்காமல், அந்தப் பிரிவின் மேல் வெறும் பூச்சியங்களை எழுதி அழித்தான். பழைய தட்டை என்ன செய்வதென்று கேட்டதற்கு, "அது கிடக்கட்டும்" என்றார் அக்கா. இப்போது அது சுழல்வதில்லை. அதே சேலைத் துண்டில் அலுமாரிக்குத் திரும்பிவிட்டது.

காணிகளின் விவரத்தை ஒருங்குறிக்கு மாற்றி, அச்சிட்டுப் பார்த்தபோது 64 பக்கங்கள் வந்தன. மூன்று பிரதி வேண்டும் என்று அக்கா சொல்லியனுப்பினார்: ஒன்று தமக்கு, ஒன்று ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு, ஒன்று ரொறன்ரோவுக்கு.