அடிமாட்டு விலை

பூனாவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. முன்பெல்லாம் நம்மவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு தீபாவளி ரயில் டிக்கெட்டைப் பற்றி இருக்கும். இப்போது ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பற்றி. "அறுபது போகும்னு நெனச்சேன் சார், முப்பத்தஞ்சுக்குக் கேக்கறான்" என்று போன மாதம்கூட ஒருவர் புலம்பினார். எங்கள் கும்பகோணம் வீட்டை விற்று முடித்த வகையில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

அப்பா 1984-ல் கட்டிய வீடு. 2,400 சதுர அடி மனை, தரைத்தளம் மட்டும், கொல்லையில் கிணறு, ஒரு தென்னை. அப்பா போன பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டாள். அண்ணா டெல்லியில், தங்கை ஓசூரில். வருகிற பணத்தில் பாதி அம்மா பெயரில் பேங்க் டெபாசிட், மீதியை நாங்கள் மூவரும் பிரித்துக்கொள்வது என்று பேசி வைத்திருந்தோம். அம்மாவுக்கு இது பெரிய விஷயம். மாத்திரைக்கும், காது மெஷின் பேட்டரிக்கும், கோயிலுக்குப் போகிற ஆட்டோவுக்கும் பிள்ளைகளிடம் கை நீட்டக் கூடாது அவளுக்கு. வீட்டு விலையில் ஒரு லட்சம் குறைந்தால் அவள் டெபாசிட்டில் ஐம்பதாயிரம் குறையும். அந்தக் கணக்கு என் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது.

68 லட்சம் சொல்லியிருந்தோம். புரோக்கர் ஒரு பார்ட்டியைக் கூட்டி வந்தார். அவர் சமையலறையைப் பார்க்கவில்லை, மொட்டைமாடிக்கு ஏறவில்லை. திண்ணையில் உட்கார்ந்து காபி வாங்கிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "சாருக்கு எத்தனை நாள் லீவு?" நான் வாயைத் திறப்பதற்குள் புரோக்கர் முந்திக்கொண்டார். "சார் ஞாயித்துக்கிழமை கிளம்பறார்."

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு போன் வந்தது. 41 லட்சம். அதிலும் 3 லட்சம் கையில் ரொக்கம். நாளைக் காலையிலேயே அட்வான்ஸ்.

அண்ணாவுக்கு போன் போட்டேன். "குடுத்துத் தொலைடா, இதுக்காக இன்னொரு தடவை யார் லீவு போடறது" என்றான். தங்கை அழுதேவிட்டாள், அப்பாவை யாரோ அவமானப்படுத்திவிட்ட மாதிரி. இரண்டையும் கேட்ட பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்த மனுஷன் வீட்டுக்கு விலை சொல்லவே இல்லை. என் ரிட்டர்ன் டிக்கெட்டுக்கு விலை சொல்லியிருக்கிறார்!

ஆகவே கோபப்பட ஒன்றுமில்லை. காலையில் புரோக்கரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "இந்த 41 எப்படி வந்தது?" இதை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். கோபத்தில் போனை வைத்தால் எதிராளியின் கணக்கு உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். கேட்டால் கொட்டிவிடுவார்கள். மாடி ஒழுகுகிறது, தெருவில் பெரிய கார் திரும்பாது, ஒயரிங் பழசு, "கவர்மென்ட் வேல்யூவே 36தானே சார்".

இதில் சிலது நியாயம்தான். மாடி ஒழுகுவது நிஜம். கொத்தனாரை வரவழைத்து எழுதி வாங்கினேன், ஒன்றே முக்கால் லட்சம் ஆகும் என்றார். ஒயரிங்குக்கு ஒரு லட்சம் வைத்துக்கொள்ளலாம். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்து, வாரிசுகளுக்குள் இழுபறி வேறு என்றால் வாங்குகிறவர் நிறையவே குறைத்துக் கேட்கலாம். தலைவலியைச் சேர்த்து வாங்குகிறார் அல்லவா. நாங்கள் வாரிசுச் சான்றும் பட்டா மாறுதலும் முன்பே முடித்திருந்ததால் அந்த ஆயுதம் அவர்களிடம் இல்லை.

கவர்மென்ட் வேல்யூ சங்கதி வேறு. வழிகாட்டி மதிப்பு என்பது மனைக்கு. கட்டடத்தைத் தனியாக மதிப்பிட்டுக் கூட்டுவார்கள். அதுவும் சந்தை விலையோடு ஒட்டி நடக்கிற சமாச்சாரம் அல்ல. 2017 ஜூனில் தமிழக அரசு ஒரே உத்தரவில் அதை 33 சதவீதம் குறைத்தது. அன்று ராத்திரி யார் வீடும் மூன்றில் ஒரு பங்கு இளைத்துவிடவில்லை! அதற்காக அதை அலட்சியம் செய்யவும் முடியாது. பதிவுக்கான மதிப்பு நீங்கள் விற்ற விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், வருமான வரிக்கு அந்த மதிப்பில் விற்றதாகவே கணக்கு. கைக்கு வராத பணத்துக்கும் வரி. ரொக்கம் இன்னும் மோசம். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 ஜூன் முதல் சட்டம். மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கியவருக்கு.

பக்கத்தில் என்ன விலை போகிறது என்று பார்க்க ஊரில் இருக்க வேண்டியதில்லை. பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கம் பார்த்தால், எந்தத் தேதியில் எவ்வளவுக்குக் கைமாறியது என்று இருக்கும். பத்திரத்தில் எழுதுவது பல சமயம் நிஜ விலையைவிடக் குறைவு என்பது ஊரறிந்த ரகசியம். அதனால் அதை அடிமட்டமாக வைத்துக்கொண்டேன். அடுத்த தெருவில் நம் மனையைவிடச் சின்னதாகவே ஒன்று 47-க்குப் பதிவாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்முன் சொன்ன பதில் இது: 65, முழுக்க பேங்க் வழியாக, 45 நாளில் கிரயம். 68-லிருந்து மூன்று ஏன் இறங்கியது என்பதற்குக் கொத்தனார் சீட்டும் கூடவே. அவர் 48-க்கு வந்தார். "பூனாவிலிருந்தே பேசிக்கலாம்" என்று ஃப்ளைட் ஏறிவிட்டேன். சாவி எதிர்வீட்டு மாமியிடம்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. சொத்து வரி, கரண்ட் பில், மாதம் ஒரு தடவை பெருக்கித் துடைக்க ஆள், மழைக்காலத்தில் இன்னும் ஒழுகும் மாடி. எல்லாம் சேர்த்து மாதம் மூவாயிரத்துக்குள் அடங்கியது. பதினேழு லட்சம் வித்தியாசத்துக்கு இது எத்தனை மாதம் தாங்கும் என்று அண்ணாவுக்குக் கணக்கு எழுதி அனுப்பினேன். அதன்பின் அவன் அவசரப்படுத்தவில்லை.

ஐந்து மாதம் கழித்து மாமி மூலமாகவே ஒரு ஆசிரியர் தம்பதி வந்தார்கள். இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருப்பவர்கள். அவர்கள் கேட்டதும் குறைவுதான், 56. ஆனால் அந்தம்மா கிணற்றை எட்டிப் பார்த்தார், கோடையில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று கேட்டார், பூஜை அறைக் கதவைத் தடவிப் பார்த்தார். சார் நேராகவே சொல்லிவிட்டார்: "பேங்க்ல இவ்வளவுதான் லோன் தருவாங்க. நகைய வெச்சா இன்னும் கொஞ்சம் புரட்டலாம். மீதிக்கு என் சீட்டு முடியணும், அதுக்கு நாலு மாசம் ஆகும்."

இருப்பவர் ஆழம் பார்க்கக் குறைத்துக் கேட்பதும் இல்லாதவர் குறைத்துக் கேட்பதும் ஒன்றல்ல. முதல் ஆளுக்குத் தேவைப்பட்டது என் அவசரம். இவர்களுக்குத் தேவைப்பட்டது அவகாசம். அது எங்களிடம் இருந்தது. நாலு மாதம் கொடுத்தோம், விலையில் பிடித்து நின்றோம். அம்மா ஊஞ்சலை அவர்களுக்கே விட்டுவிடச் சொன்னாள். 62-ல் முடிந்தது. அவகாசம் கொடுக்கும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும்: அட்வான்ஸ் கணிசமாக இருக்கட்டும், கெடு தேதி அக்ரிமென்டில் இருக்கட்டும். ஒரு லட்சத்தைக் கொடுத்து பதினோரு மாத அக்ரிமென்ட் போட்டு, அந்த இடைவெளியில் உங்கள் வீட்டையே வேறொருவருக்குக் கைமாற்றி லாபம் பார்க்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அம்மா டெபாசிட் ரசீதைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி வந்ததும் எனக்கு காராசேவு வாங்கிக் கொடுக்கிறாள் :)

கிரயம் முடிந்து கொஞ்ச நாளில் பழைய புரோக்கர் போன் செய்தார். வாழ்த்து சொல்லத்தான் என்று நினைத்தேன். "சார், உங்க எதிர்வீட்டு மாமியோட பையன் பஹ்ரைன்லேர்ந்து வர்றாராமே, எத்தனை நாள் லீவுன்னு தெரியுமா?"