பூஸ்டர் இல்லாத கார்

என் அக்கா புருஷன் தன் காரிலிருந்து பிரேக் பூஸ்டரைக் கழற்றியது போன ஆடி மாதம். கழற்றியதைப் பழைய பேப்பரில் சுற்றி மாடிப்படிக்கு அடியில் போட்டிருக்கிறார். இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளை விளிம்போடு விளிம்பாகக் கவிழ்த்து ஒட்டியது போல, கறுப்பாக, ஒரு தகர வஸ்து.

கார்களைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. பாங்கில் வாகனக் கடன் மேஜை என்னுடையது. எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், தவணை பாக்கி, இந்த மட்டில்தான் பரிச்சயம். இந்தப் பத்திரிகையைப் படிக்கும் நண்பர்களில் கார் வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிரேக்கைப் பற்றி யோசித்தவர்கள் அதிலும் குறைவு. இருந்தாலும் இதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அது சொல்லப்பட வேண்டும் என்று படுகிறது.

கார் எஸ்டீம். 2007-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி, நாலாவது கை. மச்சான் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பம்ப் செட் உதிரிகள் கடைகிறார். செட்டிப்பாளையத்தில், 1995-ல் விமான விபத்தில் இறந்துபோன கரிவரதனின் பெயரில் 2003-ல் ஓடுகளம் திறந்தபோது அவருக்கு இருபது வயது. அதற்குப் பிறகு அவர் சம்பாதித்ததில் ஒரு பங்கு பெட்ரோலாகவும் டயராகவும் புகைந்து போயிருக்கிறது. அதே காரில்தான் அக்கா ஆறு வருஷமாகப் பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவந்தாள். இரண்டாவது கார் வாங்க வசதியில்லை.

பூஸ்டர் செய்வது இவ்வளவுதான். எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் அந்தத் தகரத்துக்குள் போகிறது. உள்ளே நடுவில் ஒரு ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் காற்று உறிஞ்சப்பட்டிருக்கும். மிதித்ததும் மறுபக்கம் வெளிக்காற்று நுழைகிறது. சவ்வின் குறுக்களவு 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், சதுர செ.மீ.க்கு 0.6 கிலோ வீதம் சுமார் 190 கிலோ நம் காலோடு சேர்ந்து தள்ளுகிறது. நாம் மிதிப்பதாக நினைத்துக்கொள்கிறோம். மிதிப்பது பெரும்பாலும் ஆகாயம்.

மச்சான் எஞ்சினில் வேகத்துக்காக வேறு கேம்ஷாஃப்ட் போட்டார். அதனால் ஐடிலில் எஞ்சின் உறிஞ்சும் சக்தி குறைந்துபோயிற்று. ஒரு நாள் ஓடுகளத்திலிருந்து மெதுவாக வெளியே வரும்போது இரண்டு முறை பிரேக்கை மிதித்திருக்கிறார். மூன்றாவது மிதிக்குப் பெடல் கல்லாகிவிட்டது. நின்றிருந்த ஒருவரின் ஜீப்பில் முட்டினார். அதற்கு முந்தின மழையில் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு கார் சுற்றிப்போயிருந்தது. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் என்று முடிவு செய்தார்: பூஸ்டரை எடுத்துவிட்டு, ஒரு மாஸ்டர் சிலிண்டருக்குப் பதில் இரண்டு. முன்சக்கரங்களுக்கு ஒன்று, பின்சக்கரங்களுக்கு ஒன்று. பெடலில் ஒரு சின்னக் குழாயைப் பற்றவைத்து, அதற்குள் ஒரு குண்டு பேரிங், அதன் நடுவே மரையிட்ட ஒரு தண்டு. தண்டின் இரு முனைகளும் இரண்டு சிலிண்டர்களைத் தள்ளும். தண்டைத் திருகினால் குண்டு இடமோ வலமோ நகரும்; எந்தப் பக்கம் நெருங்குகிறதோ அந்தச் சிலிண்டருக்குப் பலம் அதிகம். தராசுதான். பேலன்ஸ் பார் என்றே பெயர். கம்பெனிக்காரன் பின்சக்கரத்துக்கு வைத்திருந்த அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வையும் பிடுங்கிவிட்டார். ஒரு வண்டியில் இரண்டு நாட்டாமை ஆகாது.

என் பங்கு இங்கே வருகிறது. இரண்டு சிலிண்டரும் முக்கால் அங்குல விட்டத்தில் வாங்கி வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை செலான் காகிதத்தின் பின்பக்கத்தில் நான் கணக்குப் போட்டேன். மேலே கீலிலிருந்து மிதிக்கும் இடம் வரை 30 செ.மீ. தள்ளும் ஆணியை ஏழரையிலிருந்து 5 செ.மீ.க்கு ஏற்றியதில் பெடலின் பெருக்கம் நாலிலிருந்து ஆறாகியிருந்தது. கால் 30 கிலோ அமுக்கினால் 180. பழைய ஏற்பாட்டில் ஒரே குழாய்க்குள் இரண்டு பிஸ்டன்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. முழுப் பலமும் இரண்டுக்கும் போய்ச் சேரும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பங்குபோடத்தான் வேண்டும். ஆளுக்குத் 90. முக்கால் அங்குலப் பிஸ்டனின் பரப்பு 2.85 ச.செ.மீ.; அழுத்தம் 32 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்தேகால் வீசம் விட்டம் மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று நான் கேட்டதற்கு அவர் சிரித்து, எட்டில் ஐந்து அங்குலம் கிடைக்கும் என்றார். அதில் பரப்பு 1.98, அழுத்தம் 45. பெடல் கொஞ்சம் கூடுதலாக இறங்கும், அவ்வளவுதான். முன்னுக்கு எட்டில் ஐந்து, பின்னுக்கு முக்கால் என்று தீர்மானமாயிற்று. வாங்கியதில் ஒன்றுதான் வீண்.

“மாப்ளே, பாங்குக்காரர்னு சும்மா சொல்லலீங்க,” என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் எந்தக் கட்டுரையாலும் இதுவரை ஒரு பொருள் ஒரு அங்குலம் நகர்ந்ததில்லை.

இந்தக் கணக்கின் மூலவர் பாஸ்கல். பி.ஏ. படிக்கும்போது எனக்கு அறிமுகமானவர் வேறு பாஸ்கல்: எல்லையற்ற வெளியின் மௌனத்துக்கு அஞ்சியவர், 1670-ல் வெளிவந்த சிந்தனைகளின் ஆசிரியர். அதற்கு ஏழு வருஷம் முன்பு, அவர் இறந்த மறுவருஷம், திரவங்களின் சமநிலை பற்றி ஒரு சிறு நூலும் வந்திருக்கிறது. நீர் நிறைந்த ஒரு பாத்திரம். அதற்கு இரண்டு வாய்கள், ஒன்று மற்றதைப்போல் நூறு மடங்கு. சின்ன வாயில் ஒரு ஆள் அமுக்குவது பெரிய வாயில் நூறு ஆளுக்குச் சமம். இரண்டு பாஸ்கலும் ஒரே மனுஷன் என்பதை நான் உணர்ந்தது பட்டறையில், கை நிறைய பிரேக் ஆயிலோடு. அந்த ஆயில் பெயிண்டையும் தின்னும்.

மச்சான் பெடலை முழுப் பலத்தோடு மிதிக்க, பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்று தெரிந்தது. சிலிண்டர்கள் உட்கார்ந்திருந்த தகடே மிதிக்கு மிதி எஞ்சின் பக்கம் வளைந்து கொடுத்தது. பெடல் இறங்கிய தூரத்தில் பாதி தகரத்தை வளைக்கவே செலவாயிற்று. அதற்கு 5 மி.மீ. இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்தார். பிறகு முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் ஏர் எடுத்தோம். ஒன்றை மட்டும் திறந்தால் தராசு சாய்ந்துவிடுகிறது.

சோதனை சூலூர்ப் பக்கம். மனை பிரித்து விற்காமல் கிடக்கும் ஒரு லேஅவுட். தார் ரோடும் நட்ட கற்களும் மயில்களும். எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று வெளியே நின்று பார்த்துச் சொல்வது என் வேலை. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னுக்குப் போய்விடும், பின்சக்கரம் லேசாகும். முன்சக்கரம் முதலில் பூட்டினால் ஸ்டியரிங் கேட்காது, ஆனால் வண்டி நேராகப் போகும். பின்சக்கரம் முதலில் பூட்டினால் வால் முன்னால் வரப் பார்க்கும். இது தெரிந்த விஷயம். முதல் ஓட்டத்தில் அந்த வால் நான் நின்ற திசையில் வந்தபோது, “பின்னாடி” என்று கத்த வேண்டிய நான் வாயைத் திறக்கவில்லை. நாலைந்து கஜம் தள்ளி நின்றது. மச்சான் இறங்கி, என்னைப் பார்க்காமல், தண்டை இரண்டு சுற்றுத் திருகினார்.

ஆறாவது ஓட்டத்தில் முன்சக்கரங்கள் முதலில் கீச்சிட்டன. “நீங்க ஓட்டிப் பாருங்,” என்றார்.

அந்தப் பெடல் அதிகம் நகரவில்லை. அமுக்க அமுக்கத்தான் வண்டி குறைந்தது. அமுக்கியதற்கு மேல் ஒரு பைசா இல்லை. டயர் தாரை விடப்போகும் விளிம்பில் செருப்பின் அடியில் ஒரு நடுக்கம் வந்தது. தரையை அப்படிக் காலால் வாசித்தது அதுதான் முதல் தடவை. வீடு திரும்பும்போதே மனசுக்குள் கட்டுரை ஓட ஆரம்பித்துவிட்டது: முன்னுரையும் கோட்பாடும் உறிஞ்சித் தள்ளாமல் ஒரு கவிதையைத் தன் எடையால் மட்டும் வாசிப்பது, இத்யாதி. நம் வட்டத்தில் எடுபடக்கூடிய உவமை. தலைப்புக்கூட வைத்துவிட்டேன்.

எழுதவில்லை. அடுத்த மாதம் மச்சான் மெஷின் பார்க்க ராஜ்கோட் போயிருந்தார். இரவு இரண்டு மணிக்குப் பையனுக்கு மூச்சிரைப்பு. அக்கா அவனைப் பின்ஸீட்டில் படுக்க வைத்துக் காரை எடுத்திருக்கிறாள். ஆறு வருஷம் பழகிய கால் ஆறு வருஷம் மிதித்தபடியே மிதித்தது. வண்டி நிற்காமல் வாசல் கேட்டின் தூணில் போய் இடித்து நின்றது. நடை வேகம்தான். யாருக்கும் ஒன்றுமில்லை. அவளுடைய எடை 48 கிலோ. கழற்றும்போது யாரும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. செலான் காகிதத்தில் நான் எழுதிய 30 கிலோ யாருடைய கால்? பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு எனக்குத் தெரியாததல்ல. அந்தச் சான்றிதழ்களைப் புரட்டித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

இரண்டு தெரு தள்ளியிருந்த நான் ஓடிப்போய் ஓட்டினேன். ஆஸ்பத்திரியில் புகை மாதிரி மருந்து வைத்தார்கள். நாலரைக்குப் பையன் தூங்கிவிட்டான். திரும்பும்போது அக்கா அவனை மடியில் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். பேசவில்லை. சிங்காநல்லூர் சிக்னலில் சிவப்பு. தொடை நடுங்க மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவளுடைய வலது காலும் செருப்பில்லாமல் வெறும் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது.