கடைசியில் வரும் ‘நான்’

அரபு இலக்கணம் கற்கப் புகும் மாணவன் தொடக்கத்திலேயே மனப்பாடம் செய்ய வேண்டியவை, இறந்தகால வினையின் 14 வடிவங்கள். ‘அவன் செய்தான்’ என்று தொடங்கி ‘நாங்கள் செய்தோம்’ என்று முடியும் அவ்வரிசையில் படர்க்கைக்கு 6, முன்னிலைக்கு 6, தன்மைக்கு 2. நம் தமிழ் இலக்கணம் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று ‘நான்’ என்பதை முன்னிறுத்திச் செல்லும். அரபியிலோ ‘நான்’ வருவதற்குப் பதின்மூன்றாம் இடம் வரை காத்திருக்க வேண்டும். முப்பது ஆண்டுகளாக இப்பாடத்தை மத்ரஸாவில் நடத்தி வருகிறேன். அதனுள் எனக்கும் ஒரு பாடம் இருந்தது. அதைக் கற்றது என் வீட்டுக் கூடத்தில்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரையூர்களில், மணமான பெண் தாய்வீட்டிலேயே வாழ்வதும், மணமகன் அவ்வீட்டுக்கு வந்து சேர்வதும் நெடுநாளைய வழக்கம். எங்களூரும் அவ்வழக்கம் உடையதே. ஆகவே, என் மாமியாரின் இல்லத்தில் நான் வாழத் தொடங்கி இருபத்தேழு ஆண்டுகள் ஆகின்றன. மாமிக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். இரண்டாண்டுகளாக நினைவு தளர்ந்து வருகிறது. பேத்தியின் பெயரையே சில நாள் மறந்துவிடுவார். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் மறப்பதில்லை. “மாப்பிள்ளே, அஸர் பாங்கு சொல்லியாச்சா?” காலைப் பசியாறும்போதும் கேட்பார், இஷாவுக்குப் பின்னும் கேட்பார். விடை சொல்லிக் கால்மணி நேரம் ஆகுமுன் மீண்டும் கேட்பார்.

முதல் முறை மென்மையாக விடை சொல்வேன். இரண்டாம் முறை சுருக்கமாகச் சொல்வேன். மூன்றாம் முறை என் குரல் எனக்கே அந்நியமாக ஒலிக்கும். “இப்போதுதானே சொன்னேன்? எத்தனை தடவை சொல்வது?” என்பேன். மாமி ஒன்றும் பேசாமல் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சுவரைப் பார்த்தபடி அமர்ந்துவிடுவார்.

சென்ற ஆண்டு மத்ரஸாவில் ஒரு சிறுவன் சேர்ந்தான். அந்த 14 வடிவங்களும் அவன் நாவில் நிற்கவேயில்லை. எட்டாவதை எட்டுமுன் முதலாவது மறந்துபோகும். நான் சற்றும் சலிக்காமல், நாள்தோறும் அவனை அருகில் அமர்த்தி, ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். பதினோராம் நாள் தடையின்றி ஒப்பித்தான். ‘ஹஸ்ரத்தின் பொறுமையே பொறுமை’ என்று மாணவர்கள் பேசிக்கொண்டது என் காதுக்கும் எட்டியது. உள்ளம் குளிர்ந்ததை மறைப்பதற்கில்லை.

அப்பேச்சு தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது. ஒரு மாலை, மாமியிடம் நான் குரலை உயர்த்திய சிறிது நேரத்தில், பன்னிரண்டு வயதான என் கடைசி மகள் அருகில் வந்தாள்.

“வாப்பா, மத்ரஸாவிலே ஒரு பையன் நூறு தடவை கேட்டாலும் சொல்லித் தருவீங்களாமே. உம்மம்மாவுக்கு மட்டும் ஏன் மூணாவது தடவையே கோபம் வருது?”

அவள் குற்றம் சாட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு முதலில் எழுந்தது சினமே. ‘பெரியவர்களிடம் பேசும் முறை தெரியாதா?’ என்ற சொல் உதடு வரை வந்தது. எப்படியோ அதை விழுங்கிக்கொண்டு பள்ளிவாசலுக்கு நடந்தேன்.

மக்ரிபுக்குப் பின் நெடுநேரம் ஒரு தூணருகில் அமர்ந்திருந்தேன். மகளின் கேள்விக்கு நேர்மையான விடை ஒன்றுதான் இருந்தது. மத்ரஸாவில் என் பொறுமைக்கு உடனுக்குடன் கூலி கிடைத்தது. மாணவர்களின் வியப்பும், பெற்றோரின் நன்றியும், ‘ஹஸ்ரத்’ என்னும் அழைப்பும் அக்கூலி. வீட்டிலோ பார்ப்பார் இல்லை, பாராட்டுவார் இல்லை. மாமியோ என் பொறுமையை நினைவில் வைத்துக்கொள்ளவும் இயலாதவர். அப்படியானால், இத்தனை காலமும் பொறுமை என்று நான் எண்ணியிருந்தது பொறுமைதானா? புகழுக்கு நான் கொடுத்த விலையா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில், ஒருவன் தன் குறைகளை அறிவதற்கு நான்கு வழிகளைக் கூறுகிறார்கள். உள்ளத்தின் நோயறிந்த ஆசானை அடைவது ஒன்று. உண்மை பேசும் நண்பனைக் கொள்வது மற்றொன்று. பகைவரின் நாவிலிருந்து தெரிந்துகொள்வது மூன்றாவது. மக்களோடு கலந்து பழகி, பிறரிடம் காணும் குறை தன்னிடமும் உண்டா எனத் தேடுவது நான்காவது. இந்த நான்கையும் எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். ஆசானையும் நண்பனையும் எப்போதும் வெளியிலேயே தேடினேன். இல்லறம் என்பது ஆன்ம முயற்சிக்கு இடையூறு என்றும், தனிமை வாய்த்தால் நான் வேறொரு மனிதனாகியிருப்பேன் என்றும் இளமை முதல் ஓர் ஏக்கம் இருந்தது. ஆனால் 1095-இல் பக்தாதின் ஆசிரியப் பதவியைத் துறந்து தனிமை நாடிச் சென்ற அந்த இமாமே, தம்மைச் சொந்த ஊருக்கு ஈர்த்தவற்றுள் பிள்ளைகளின் அழைப்பும் ஒன்று எனத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். வள்ளுவரும் பொறையுடைமை அதிகாரத்தை வைத்தது இல்லறவியலில், துறவறவியலில் அன்று.

அன்றிரவு, நான் கேளாமலே, என் மனைவி ஒரு செய்தி சொன்னாள். நான் அவ்வீட்டுக்கு வந்த நாள் முதல், அஸர் பாங்கு ஒலித்ததும் தேநீருக்கு வெந்நீர் ஏற்றுவது மாமியின் வழக்கமாம். நான் தொழுதுவிட்டு வருவதற்குள் அது ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக! வேறு எவரையும் அதைச் செய்ய விட்டதில்லையாம். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அந்தத் தேநீரை நான் பருகியிருக்கிறேன். யார் கை போட்டது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நினைவெல்லாம் உதிர்ந்த பின்னும் அவரிடம் எஞ்சி நின்றது, மாப்பிள்ளைக்குத் தேநீர் தாமதமாகிவிடக் கூடாதே என்னும் கவலை. அந்தக் கவலையைத்தான் நான் நாள்தோறும் அதட்டி வந்திருக்கிறேன்.

அரபியில் படர்க்கையைக் ‘காயிப்’ என்பர். எதிரில் இல்லாதவர் என்பது பொருள். கூடத்தில் என் எதிரிலேயே அமர்ந்திருந்தும் மாமி எனக்குக் காயிபாகவே இருந்திருக்கிறார். அவரை ஒரு தொல்லையாகக் கண்டேனேயன்றி, முன்னிலையில் வைத்து, ‘நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?’ என்று எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்த்த பிறகே என்னை எனக்குத் தெரிந்தது. ‘அவர்’, ‘நீங்கள்’ என்பவற்றைக் கடந்துதான் ‘நான்’ என்பதற்கு வர முடியும் என்பதை, அந்த வரிசையை ஓதி ஓதிப் பழகிய நாவுக்கு ஒரு குழந்தை உணர்த்த வேண்டியிருந்தது.

நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் அது பொய்யாகும். இப்போது மாமி கேட்கும்போது, “இன்னும் இல்லை மாமி, சொன்னதும் நானே வந்து சொல்கிறேன்” என்கிறேன். நான்காம் ஐந்தாம் முறையும் அப்படியே சொல்ல முடிகிறது. ஏழாம் முறை சில நாள் குரல் தடிக்கிறது. அப்போது பாடம் எழுதிக்கொண்டிருக்கும் மகள் தலையை நிமிர்த்துகிறாள். நான் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறேன். அஸருக்குப் பின் அடுப்பில் வெந்நீர் ஏற்றுவதும் இப்போது என் வேலை. மாமி ஒரு மிடறு பருகிவிட்டு, “சீனி கூடிப்போச்சு” என்பார். அதை மட்டும் ஒருமுறைதான் சொல்கிறார்.