போயிட்டு வர்றேன்

ஆழ்வார்பேட்டையில் செயின்ட் மேரீஸ் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. அம்மா பாளையங்கோட்டைக்காரி. அவளுக்குச் சபைப் போதகர் என்றால் ‘ஐயர்’. “சாயங்காலம் ஐயர் ஜெபத்துக்கு வாராங்க” என்று மாடிப்படியிலிருந்து அவள் குரல் கொடுத்தால் எதிர்வீட்டு மாமி ஒரு நிமிடம் திகைத்து நிற்பார். போப் ஐயர், கால்டுவெல் ஐயர் என்று சீமையிலிருந்து வந்த பாதிரிமார்களையே ஐயர்களாக்கிய ஜில்லா அது என்று நான் பலமுறை சொல்லியும் மாமிக்குத் தெளியவில்லை. அப்படிப்பட்ட ஐயர் ஒருவர்தான் 2001 ஜூன் கடைசியில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், ஆஞ்சநேயர் கோயில் பக்கத்து டீக்கடையில் நான் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்த காலம்.

“அமெரிக்காவுலேர்ந்து ஒரு சபை டீம் வருது தம்பி. பிள்ளைங்க ஹோம்ல ரெண்டு வாரம் ஊழியம். நீ கூடவே இருந்து மொழிபெயர்க்கணும்.”

பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், தச்சுவேலை தெரிந்த ஒரு தாத்தா, பள்ளி ஆசிரியை ஒருவர், மற்றவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். டி.டி.கே. சாலைக்குப் பின்னால் ஒரு விருந்தினர் இல்லத்தில் தங்கினார்கள். மேம்பால வழக்கில் கலைஞர் நள்ளிரவில் கைதாகியிருந்த வாரம் அது. முதல் நாள் வேன் டிரைவர் ஒவ்வொரு சிக்னலிலும் இருபுறமும் பார்த்துப் பார்த்துத்தான் வண்டியை எடுத்தார். வேனுக்குள் இருந்தவர்களுக்கு அது ஒன்றும் தெரியாது. கிதார் வாசித்துக்கொண்டே வந்தார்கள். இல்லம் தாம்பரம் தாண்டி. அவர்கள் இரண்டு விமானம் மாறி அங்கே வந்திருந்தார்கள். எனக்கு மாம்பலத்தில் ஏறினால் ஒரே மின்சார ரயில். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்ததில்லை.

அமெரிக்காவில் ஜூலை, கோடை விடுமுறை. நம்மூரில் ஜூனிலேயே பள்ளி திறந்துவிடும். ஆனால் இல்லத்துப் பிள்ளைகள் காலை ஒன்பது மணிக்கு எங்களுக்காக வாசலில் வரிசையாக நின்றிருந்தார்கள். மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம், “ஸ்கூலுக்குப் போகலியாம்மா?” என்றேன். “இவங்க போனப்புறம்தாண்ணா” என்றாள். அன்றைக்கே அந்த அமெரிக்க ஆசிரியைக்கும் அதே சந்தேகம் வந்தது. என்னைக் கேட்டார். நான் வார்டனைக் கேட்டேன். “லீவுன்னு சொல்லிடுப்பா. புள்ளைங்க இல்லாம இவங்க யாரோட இருப்பாங்க? அரிசி மூட்டை எங்கேர்ந்து வருதுன்னு உனக்குத் தெரியுமா?” என்றார். நான் லீவு என்றே சொன்னேன். ஆசிரியை தலையாட்டிக்கொண்டார். நான் செய்த முதல் மொழிபெயர்ப்பு மோசடி அதுதான்.

வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த நர்ஸ் பதினாலு நாளும் குழாயடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சிரங்குக்கு மருந்து போட்டார், பேன் பார்த்தார், நகம் வெட்டினார். அவருக்கு நான் தேவைப்பட்டது முதல் அரை மணி நேரம்தான். அதன்பிறகு பிள்ளைகள் தாங்களாகவே கையை நீட்டினார்கள். தச்சுத் தாத்தா அதைவிட மேல். கக்கூஸ் கதவுகளின் கீல்களையெல்லாம் மாற்றி உள்தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்தார். பத்து வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பது அவர்கள் அந்தத் தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பப் போட்டுத் திறந்து பார்த்தபோது எனக்குப் புரிந்தது. ஃபோட்டோ எடுக்கும்போதெல்லாம் அவர் எங்கேயாவது மறைந்துவிடுவார்.

கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, சுற்றுச்சுவருக்கு வர்ணம் அடித்து அதில் தமிழில் ஒரு வேத வசனம் எழுதுவது. நான் தாளில் எழுதிக் கொடுத்ததைக் கோலம் பார்த்துப் போடுவதுபோல் சுவரில் வரைந்தார்கள். எழுத்துகள் அழகாகத்தான் வந்தன. புள்ளிகள்தான் பாதிக்குமேல் காணோம். அழுக்கு என்று நினைத்து விட்டிருக்கலாம். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது, எட்டு வயதுப் பையன் ஒருவன் சாக்பீஸோடு சுவரருகே நின்று, ஒவ்வொரு சொல்லாக உரக்க வாசித்து, விட்டுப்போன இடத்திலெல்லாம் புள்ளி வைத்துக்கொண்டே போனான். பின்னால் வந்து நின்ற ஒரு மாணவி, அவன் எதற்காகப் புள்ளி வைக்கிறான் என்று என்னைக் கேட்டாள். நான் விளக்குவதற்குள் அவன் அவள் கையில் சாக்பீஸைத் திணித்து, “இங்க வை” என்றான். அன்று மாலைக்குள் மெய்யெழுத்து எது, உயிர்மெய் எது என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

சென்னையில் ஒரு சின்னப் பையன் வாத்தியாராவது இது முதல் தடவை அல்ல. 1789இல் எழும்பூர்க் கோட்டையில், இன்றைக்கு ரயில் நிலையம் இருக்கும் பக்கம், கம்பெனிப் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்காக ஓர் அநாதை இல்லம் தொடங்கினார்கள். கண்காணிப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். இல்லத்துக்காக அவர் சம்பளம் வாங்கவில்லை. படைகளின் பாதிரியார் பதவிகள் பல கையில் இருந்ததால் அது அவருக்குச் சிரமமாகவும் இருந்திருக்காது. ஒருநாள் குதிரையில் போகும்போது நம்மூர்த் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதையே தன் இல்லத்தில் செய்யச் சொன்னபோது சம்பளத்துக்கு இருந்த ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கென் என்ற பையனிடம் அரிச்சுவடி வகுப்பைக் கொடுத்தார். அவன் நடத்திக் காட்டிவிட்டான். நம் சட்டாம்பிள்ளைதான். பெல் 1796இல் ஊர் திரும்பி, அடுத்த வருஷமே லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. பெல்லை வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்தார்கள். மதராஸுக்கு அவர் திரும்பி வரவே இல்லை.

பெல்லின் இல்லத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு உறுத்தியது வேறொன்று. அங்கிருந்த பிள்ளைகளில் பலர் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்தவர்கள். தாய் உயிரோடிருந்த பிள்ளைக்கும் பெயர் அநாதைதான். தாம்பரத்திலும் அதே கதை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறவர்களைப் பார்த்தேன்: கட்டட வேலைக்கு வந்த அம்மாக்கள், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு பாட்டி, குடித்துவிட்டு வாசலிலேயே நிறுத்தப்பட்ட ஓர் அப்பா. பிள்ளைகள் யாரும் அந்த இடத்தை அநாதை இல்லம் என்று சொல்லிக் கேட்டதில்லை. ‘எங்க ஹாஸ்டல்’ என்றுதான் சொல்வார்கள். நான் அதை ஆங்கிலத்தில் ‘ஆர்ஃபனேஜ்’ என்று ஆக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வந்திருந்தவர்களின் துண்டுப்பிரசுரத்தில் அப்படித்தான் இருந்தது, நானும் அதற்கு ஒத்து ஊதினேன்.

கடைசி நாளுக்கு முந்தின இரவு, விடைபெறும்போது தமிழில் என்ன சொல்வது என்று கேட்டார்கள். சொல்லிக் கொடுத்தேன்: “போயிட்டு வர்றேன்.”

நம் வீடுகளில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவதில்லை. சின்ன வயதில் நான் அப்படிச் சொல்லிவிட்டால் அம்மா, “ஏல, போறேன்னா சொல்லுத? போயிட்டு வாரேன்னு சொல்லு” என்று தெருமுனையிலிருந்துகூடத் திரும்ப அழைப்பாள். காய்கறி வாங்கப் போகிறவரும் அதைத்தான் சொல்வார், கப்பலேறிப் போகிறவரும் அதைத்தான் சொல்வார். அதில் வருகிறேன் என்ற வாக்கு ஏதும் இல்லை என்பது கேட்கிறவருக்கும் தெரியும். ஆனால் இல்லத்துப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அந்தச் சொல்லை அதே வாசலில், அதே கேட்டின் ஓரமாக நின்று, தங்கள் அம்மாவின் வாயிலிருந்து ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். நான் அதை யோசிக்கவில்லை.

மறுநாள் வேன் பக்கத்தில் பன்னிரண்டு பேரும் நின்று, மழலையாக, ‘போயிட்டு வர்றேன்’ என்றார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புள்ளி வைத்த பையன் மட்டும் சிரிக்காமல் அந்த மாணவியிடம், “எப்போ?” என்றான். அவளுக்குத் தெரிந்த தமிழே பத்துச் சொல்தான். அந்தப் பத்தில் ஒன்றை அவள் சும்மா சொல்வாள் என்று அவன் எப்படி நினைப்பான்? அவள் என்னைப் பார்த்தாள். அவன் கேட்டதைச் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். எப்படியாவது வர முயல்வேன், கர்த்தருக்குச் சித்தமானால் என்றைக்காவது, என்றாள். ‘என்றைக்காவது’ என்பதை அந்த வயதுப் பையனுக்கு எப்படிச் சொல்வது? ‘பாக்கலாம்’ என்றிருக்கலாம், ஆனால் சென்னையில் ‘பாக்கலாம்’ என்றால் இல்லை என்று அர்த்தம், அது அவனுக்கும் தெரியும். வேன் ஹாரன் அடித்தது. “அடுத்த வருஷம்டா” என்றேன். அவள் பெயரால் நான் கொடுத்த வாக்கு அவளுக்கே தெரியாது.

அடுத்த வருஷமும் டீம் வந்தது, வேறு ஊர், வேறு சபை. ஐயர் கொடுக்கும் கவருக்காக நானும் போனேன். வேனிலிருந்து இறங்கியவர்களின் முகங்களை அந்தப் பையன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். கடைசி ஆளும் இறங்கியபிறகு வேனுக்குள் எட்டிப்பார்த்தான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காதபோதே நான் முந்திக்கொண்டு, “அந்த அக்காவுக்கு உடம்பு சரியில்லடா” என்றேன். “சரிண்ணா” என்றான். சுவரில் போன வருஷத்து வசனத்தின்மேல் வெள்ளை அடித்திருந்தார்கள், புது ஆட்கள் எழுதுவதற்காக. மூன்றாம் வருஷம் நான் போகவில்லை.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் தன் ஜில்லாவின் டோனாவூர்க் கதைக்குப் போய்விட்டாள். எமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்த மிஷனரி. 1901இல் டோனாவூரில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்து, 1951 ஜனவரியில் அங்கேயே இறந்தார். நடுவில் ஒரு தடவைகூடத் தாய்நாட்டுக்குப் போகவில்லை. கடைசி இருபது வருஷம் கட்டிலோடு. கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை வைத்து அதில் ‘அம்மா’ என்று பொறித்திருக்கிறார்கள். “அவுங்க போறேன்னும் சொல்லல, வாரேன்னும் சொல்லல. போகவே இல்லையே” என்றாள் அம்மா. இதே எமி அதற்கு முன் ஜப்பானுக்குப் போய், உடம்பு ஒத்துக்கொள்ளாமல், இரண்டு வருஷம்கூட நிற்க முடியாமல் திரும்பியவர் என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கென்னவோ அந்த ஜப்பான் எமியைத்தான் பிடிக்கிறது.

தங்கிவிட்டவர்களைத் தேடி அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி 1930இல் தொடங்கிய அவ்வை இல்லம் அடையாறில் இருக்கிறது. மஞ்சுபாஷிணி 1949இல் தொடங்கிய பால மந்திர் தி. நகரில், எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். வெளியுலகமும் கொஞ்சம் விழித்துக்கொண்டது. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி இல்லங்கள் பதிவு செய்தாக வேண்டும். குழந்தைகள் நலக் குழு வழியாகத்தான் பிள்ளை உள்ளே வர வேண்டும். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே, அநாதை இல்லங்களில் சுற்றுலாவோடு சேர்ந்து நடக்கும் தன்னார்வத் தொண்டால் வரும் கேடுகளைத் தடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதைப் படித்தபோது நர்ஸும் தச்சுத் தாத்தாவும்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று இன்னும் எனக்குள் வழக்கு நடக்கிறது. மொழிபெயர்ப்பாளனைச் சேர்ப்பதில் ஆட்சேபணை இல்லை.

2012இலிருந்து அதே தாம்பரம் தடத்தில் வேறோர் இல்லத்துக்குச் சனிக்கிழமைகளில் போகிறேன், கணக்குச் சொல்லிக் கொடுக்க. கிளம்பும்போது, “போறேன். அடுத்த சனிக்கிழமை நாலு மணி” என்பேன். அங்கே சமையல் செய்யும் அக்காவுக்கு இது பிடிக்கவே இல்லை. “நல்ல வார்த்தையா சொல்லுங்க சார், விளக்கு வெக்கிற நேரத்துல போறேங்கிறீங்க” என்பார். அம்மா இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனாலும் நான் மாற்றிக்கொள்ளவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் ஒரு சனிக்கிழமை தவறியது. ஐந்தாம் தேதி. வீட்டில் மின்சாரம் இல்லை, செல்போன் செத்துக் கிடந்தது, தாம்பரம் பக்கம் இன்னும் தண்ணீர் நிற்கிறது என்றார்கள். பன்னிரண்டாம் தேதி போனேன். இல்லம் மேட்டில் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்து மடித்து வைத்திருந்த ஒரு தாளை என் கையில் கொடுத்தான். டிசம்பர் 5, சனி.

“இது உங்க நாள் சார். வரல நீங்க.”

“தண்ணிடா.”

“தெரியும்.”

தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வகுத்தல் கணக்கு, நாலு மணிக்குக் காத்திருந்தபோது போட்டதாம். மீதி வகு எண்ணைவிடப் பெரிதாக இருந்தது. உட்கார்ந்து முதலிலிருந்து போட்டோம்.