இணை தேடுமுன்

கினிப்பன்றி பன்றியன்று, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டிலிருந்து வந்த சாதுவான கொறிக்கும் பிராணி. கூட்டமாய் வாழும் ஜாதியாதலால் தனிமையைச் சகியாது. ஸ்விட்ஸர்லாந்தின் 2008-ஆம் வருஷத்துப் பிராணிப் பாதுகாப்பு விதிகள் இதை ஒற்றையாய் வளர்க்கலாகாதென்றே கூறுகின்றன.

அம்பத்தூரில் என் மாணவன் ஒருவன் வீட்டில் ஒற்றைப் பெட்டை இருக்கிறது. "ஓர் ஆணைச் சேர்த்துவிடலாமா, ஸார்?" என்று கேட்டான். கல்யாணம் முடித்து வைப்பதில் நம்மவருக்குள்ள ஆத்திரந்தான் என்னே! அதற்கு வயது ஒன்றரை. 6, 7 மாதத்துக்குள் ஒரு முறையேனும் ஈனாத பெட்டைக்கு இடுப்பெலும்பு இறுகிவிடும். பிறகு பிரசவம் உயிருக்கே அபாயம். ஈன்று பிழைத்தாலோ, அன்றைக்கே மறுபடி சினை பிடிக்கும். ஆண் குட்டிகளை 3 வாரத்தில் தாயினின்றும் பிரித்தாக வேண்டும். "இன்னொரு பெட்டையே வாங்கு, தம்பி" என்றேன். தகப்பனார் இன்னும் இணங்கவில்லை.

உடன்பிறந்த இரண்டு ஆண்களும் பெரும்பாலும் ஒத்துப்போகும், பெட்டையின் வாடை எட்டாத வரையில். புதிதாய் வந்ததைச் சில வாரம் தனிக் கூண்டில் வைத்து, நோயில்லையென்று கண்டபின் பழக்குதல் நலம். ஒளிந்துகொள்ளும் பெட்டி ஆளுக்கொன்று வேண்டும். அதற்கு இரு வாசல் வேண்டும். இல்லையேல் ஒன்றையொன்று மூலையில் மடக்கிக் கடிக்கும். பல்லை நறநறவென்று கடித்தால் உஷார்! கத்திரி வெயிலில், ஆவடித் தகரக் கூரையின்கீழ், எந்த ஜோடிப் பொருத்தமும் உதவாது. 30 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணம் அதற்கு ஆகாது. கூண்டு வீட்டுக்குள், குளிர்ந்த தரையில் இருக்கட்டும்.