மூன்றரை மணி வகுப்பும் ஒரு மஞ்சள் சீட்டும்

தரமணியில் ஒரு மென்பொருள் அலுவலகம். மதியம் மூன்றரைக்கு மீட்டிங் ரூமில் பத்துப் பதினைந்து பேர் ஆளுக்கொரு தாளோடு நின்றிருந்தார்கள். ஊழியர்களுக்கான மூளைப் பயிற்சி வகுப்பு. என் கையிலும் ஒரு தாள் வந்தது.

‘சிவப்பு’ என்ற சொல் பச்சை மையில், ‘நீலம்’ மஞ்சள் மையில். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். முதல் வரியிலேயே நாக்கு குழறியது. எழுத்துத் தெரிந்தவருக்குக் கண்ணில் பட்டதைப் படிக்காமல் இருக்க முடிவதில்லை. அதை அடக்கினால்தான் நிறம் வாயில் வரும். 1935-ல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்ட சோதனை இது. பக்கத்தில் நின்ற டெஸ்டிங் பிரிவுப் பெண் கடகடவென்று முடித்துவிட்டார்.

“ஆரம்பத்துல திணறுனேன் மேடம், இப்போ பழகிடுச்சு.”

“உங்க இடத்துக்குப் போனா வேலையும் சுலபமா இருக்கா?”

கொஞ்சம் யோசித்தார். “அது அப்படியேதான் இருக்கு.”

அப்படித்தான் இருக்கும். நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர் 11,430 பேருக்கு ஆறு வாரம் கணினியில் மூளைப் பயிற்சி கொடுத்துப் பார்த்து, 2010-ல் ‘நேச்சர்’ இதழில் முடிவை எழுதினார்கள். பழகிய விளையாட்டில் எல்லோரும் தேறினார்கள். அந்தத் தேர்ச்சி, அதற்கு நெருங்கிய மற்ற சோதனைகளுக்குக்கூடப் பரவவில்லை. இப்படிப்பட்ட மூளை விளையாட்டுகளால் வேலையிலும் படிப்பிலும் திறன் கூடும் என்று விளம்பரம் செய்த லுமாசிட்டி நிறுவனம், 2016-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

அந்தப் பெண்ணின் இருக்கைக்கே போனேன். இரண்டு திரைகள். பிழைப் பட்டியலை அவர் எனக்கு விளக்கி முடிப்பதற்குள் சாட் பலமுறை மின்னியது. ஒவ்வொரு முறையும், பதில் போடும் முன் மஞ்சள் சீட்டில் ஏதோ கிறுக்கினார். குனிந்து பார்த்தேன்: ‘வரி 214, லாகின் பார்த்தாச்சு, அடுத்து பாஸ்வேர்டு.’ யாரும் சொல்லிக்கொடுத்ததில்லையாம்.

பாதியில் விட்ட வேலையில் மனம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும், அடுத்த வேலை அதனால் கெடும் என்று 2009-ல் காட்டியவர் ஆய்வாளர் சோஃபி லெராய். எங்கே விட்டோம், திரும்பி வந்து என்ன செய்வோம் என்று குறித்துவைத்தால் அந்த ஒட்டுதல் குறைகிறது என்பதையும் பிறகு அவரே ஆராய்ந்து எழுதினார். வகுப்பில் கிடைக்காத பயிற்சியை இந்தப் பெண் தன் மேசையிலேயே கண்டுபிடித்திருக்கிறார்! எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

கிளம்பும்போது மனிதவள அதிகாரியிடம் இரண்டு விஷயம் கேட்டேன். அடுத்த வகுப்பில் அந்தப் பெண்ணைப் பேசச் சொல்லுங்கள். தினமும் காலையில் ஒரு மணி நேரம் எல்லோருக்கும் சாட் வசதியை நிறுத்திவையுங்கள். முதலாவதற்கு உடனே சரி என்றார். இரண்டாவதற்கு மேலிடத்தில் கேட்க வேண்டுமாம்.